பார்த்துக்கொள்ளச் சொன்ன பிள்ளை

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அவரும் சுகம். ஓடுகிற ரயிலில் நின்றபடியே வேலை பார்க்கிற உன் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் சொன்னால் பாதி விஷயம் வண்டிச் சத்தத்தில் போய்விடும் என்பதால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

எங்கள் வீட்டுக்கு ஒரு குழந்தை வந்திருக்கிறது.

பதறாதே. பெற்றதும் இல்லை, தத்து எடுத்ததும் இல்லை. பார்த்துக்கொள்ளக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் குடையைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் போதகர் மறுபடி எழுந்து நின்றார். "ஒரு தாய்க்கு நுரையீரல்ல நோய். மாசக்கணக்கா ஆஸ்பத்திரியில இருக்கணும். புருஷன் இல்ல, சொந்தம்னு சொல்ல யாரும் இல்ல. அவங்க குணமாகி வர்ற வரைக்கும் கைக்குழந்தையப் பாத்துக்க ஒரு வீடு வேணும்னு குழந்தைகள் நல அலுவலகத்துல கேக்கறாங்க" என்றார். சபையே குடையைத்தான் பார்த்தது. நானும்தான். கேக் கடையில் நாள் முழுக்க நின்று ஊரார் பிள்ளைகளின் பெயரை க்ரீமில் எழுதுகிறவள் நான். கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்கொன்று கேட்டுக்கொண்டே இருக்கிறவள். திருப்பிக் கொடுக்க வேண்டிய பிள்ளை எனக்கு எதற்கு என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் பார்த்தால் என் கை மேலே போயிருந்தது. பக்கத்தில் அவர் கையும். டிப்போவில் பஸ் கழற்றிய கிரீஸ் நகக்கண்ணில் அப்படியே இருந்தது.

கேட்டது பிள்ளை. கிடைத்தது பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கொடுத்தவர் ஆண்டவர் என்று நம்புகிறேன். ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

பெண் குழந்தை. உருண்டைத் தலை. வைத்த இடத்தில் இருக்காமல் உருண்டு போய்விடுகிறாள். அவர் "பட்டாணி" என்றார், அது ஒட்டிக்கொண்டது. டாக்டர் பரிசோதித்துவிட்டார், அவளுக்கு நோய் இல்லை.

பெரியம்மா எப்போது வருவாள் என்று பட்டாணி கேட்கச் சொன்னாள்.

உன் சின்னவள்


பிப்ரவரி 20

என் சின்னவளுக்கு,

அக்காவின் முத்தங்கள். மாப்பிள்ளைக்கும் என் அன்பு. முழங்கால் இருக்கிறது, வலியும் அதோடு இருக்கிறது, இரண்டும் சேர்ந்து வேலைக்கு வருகின்றன.

உன் கடிதத்தை டிக்கெட் பரிசோதகர்கள் ஓய்வறையில் உட்கார்ந்து படித்தேன். "என்ன மேடம், அழுவறீங்க?" என்று கேட்டார்கள். "நான் பெரியம்மா ஆயிட்டேன்டா" என்றேன். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுக்க வைத்துவிட்டார்கள். அம்மா போன பிறகு உன்னை இடுப்பில் சுமந்து திரிந்தவள் நான். பள்ளிக்கூடத்தில் மேடை ஏறச் சொன்னால் என் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாய். அந்தப் பெண் சபை முழுக்கப் பார்க்கக் கையைத் தூக்கினாளா! நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, போ.

ஒன்றே ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. கொஞ்சம் தள்ளியே நில். உன் மனசு எனக்குத் தெரியும். ஒட்டினால் பிய்க்க முடியாத மனசு அது.

பால் கொடுத்த பிறகு தோளில் போட்டு முதுகைத் தட்டு. ஏப்பம் வரும் வரை விடாதே.

பெரியம்மா


ஏப்ரல் 28

அன்புள்ள அக்கா,

சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். நாங்கள் நலம், தூக்கம் மட்டும் கொஞ்சம் கடன்.

பட்டாணி தவழ்கிறாள்! முன்னால் போக வராது, பின்னால்தான் போகிறாள். கட்டிலுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டு எங்களைத் திட்டுகிறாள். "ரிவர்ஸ் கியர் மட்டும் வேலை செய்யுது, இவள டிப்போவுக்குக் கொண்டு போகணும்" என்கிறார் உன் மாப்பிள்ளை. கீழே ஒரு பல் வெட்டியிருக்கிறது. கடை முதலாளியம்மாவின் விரலைக் கடித்துக் காட்டினாள். நான் என்னவோ அந்தப் பல்லை நானே செய்து பொருத்தியதுபோல் பெருமையாக நின்றேன்.

சாப்பிட உட்காரும்போது நாங்கள் கண்ணை மூடினால் அவளும் மூடுகிறாள். ஆமென் சொல்லும் முன்பே ஒரு கண்ணைத் திறந்து தட்டைப் பார்க்கிறாள். அதில் அவள் அப்படியே உன்னைப்போல்.

சனிக்கிழமைதோறும் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறோம். வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்
சின்னவள்


மே 10

சின்னவளுக்கு,

நலமா? நான் நலம். பல்லுக்குப் பெரியம்மாவின் வாழ்த்து. பெருமையைக் கொஞ்சம் எனக்கும் மிச்சம் வை.

பட்டாணியின் ஒரு பல்லுக்கு அரைப் பக்கம். சனிக்கிழமைக்கு ஒரே ஒரு வரி. அதுவும் கடைசியில், மடிப்பில் ஒளித்துவைத்தாற்போல். டிக்கெட் இல்லாதவன் என்னைப் பார்த்ததும் ஜன்னலுக்கு வெளியே மரத்தை ரசிப்பான். அந்த முகம் எனக்குப் பழக்கம். ஆஸ்பத்திரியில் என்ன நடக்கிறது? அந்தப் பெண் எப்படி இருக்கிறாள்? ஒளிக்காமல் எழுது.

அக்கா


ஜூன் 3

அன்புள்ள அக்கா,

உன் உடம்புக்கு எதுவும் இல்லாமல் இருக்கட்டும். இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை.

மருந்து வேலை செய்கிறது. நோய் தொற்றாது என்று டாக்டர் சொன்ன பிறகு, ஆஸ்பத்திரித் தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளையைத் தூக்க அவளை விட்டார்கள். நீலச் சால்வை போர்த்திக்கொண்டு வருவாள். சின்னப் பெண், அக்கா. இருமி இருமிக் குரல் மட்டும் கிழவியாகிவிட்டது. வாரம் முழுக்க அந்த ஒரு மணி நேரத்துக்காகத் தலை வாரிக் காத்திருப்பாள் என்று நர்ஸ் சொன்னாள்.

பட்டாணி அவளிடம் போக மாட்டேன் என்கிறாள். மூச்சுத் திணறுகிற அழுகை. என்னிடம் வந்ததும் சட்டென்று நின்றுவிடுகிறது. முதல் தடவை எனக்கு உள்ளுக்குள் இனித்தது. அதை உனக்கு எழுத வெட்கமாக இருந்தது.

போன சனிக்கிழமை பட்டாணி என் தோளில் இருந்தபடி அவளைப் பார்த்துவிட்டு, என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பி "ம்மா" என்றாள். முதல் வார்த்தை. அவள் கண் முன்னால்.

அவள் அழவில்லை. சால்வை நுனியை மடித்து மடித்துப் பிரித்தாள். பிறகு சொன்னாள்: "அக்கா, நீங்களே வெச்சுக்கங்க. ஆபீசுல வந்து கையெழுத்துப் போட்டுத் தந்துடறேன். நான் வெறும் இருமல்காரி. எங்கிட்ட வந்து இவ என்ன பண்ணப் போறா?"

நர்ஸ் வந்து நேரம் ஆகிவிட்டது என்றாள். பஸ்ஸில் வரும்போது பட்டாணி என் மடியில் தூங்கினாள்.

அக்கா, எனக்காக ஜெபம் பண்ணு. எதற்காக என்று கேட்காதே.

சின்னவள்


ஜூன் 12

என் கண்ணுக்கு,

ஆண்டவர் உன்னை மறக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே எழுதுகிறேன். நலம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நீ பறித்தாயா? திருடினாயா? கேட்டாயா? பெற்றவளே மனசோடு தருகிறாள். எத்தனை வருஷ ஜெபம் உன்னுடையது! டாக்டர் வீட்டு வாசலில் எத்தனை தடவை உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எனக்குத் தெரியாதா? இதுதான் பதில். ஆண்டவரே கையில் கொண்டுவந்து வைக்கும்போது வேண்டாம் என்பது பக்தி இல்லை, பிடிவாதம். அவளையும் விட்டுவிட வேண்டாம். வந்து பார்த்துக்கொள்ளட்டும், உதவி செய்யலாம். பிள்ளை உன் பிள்ளையாக வளரட்டும்.

நான் உபவாசம் இருந்து ஜெபிக்கத் தொடங்கிவிட்டேன். எதற்காக என்று நானும் சொல்ல மாட்டேன்.

உடனே பதில் போடு.

அக்கா


ஜூலை 15

சின்னவளே,

சுகமா? ஒரு மாதமாகப் பதில் இல்லை. போன் அடித்தால் மாப்பிள்ளை எடுத்து "அவ வேலையா இருக்கா அண்ணி" என்கிறார். அவருக்குப் பொய் வராது என்பது அந்த ஒரு வாக்கியத்திலேயே தெரிகிறது.

நான் அதிகமாகப் பேசிவிட்டேனா? திட்டவாவது எழுது.

அக்கா


ஜூலை 24

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

வணக்கம். தாங்கள் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். உங்கள் தங்கை எழுதச் சொன்னாள். அவளுக்கு இப்போது எழுத உட்கார்ந்தால் வேறு ஏதாவது ஆகிவிடுகிறது.

அந்தப் பெண்ணிடம் இவள் முடியாது என்று சொல்லிவிட்டாள். "நீ குணமாகற வரைக்கும்தான் பாத்துக்கறேன்னு சொன்னேன். நீ குணமாயிட்ட. இனி ரெண்டு பேருமாப் பாப்போம்" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியதும் எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம். மாடியில் பழைய சாமான் போட்டுவைத்த அறையைக் காலி செய்து, ஜன்னலைப் பெரிதாக்கி, வெள்ளை அடித்தேன். நல்ல காற்று வருகிறது. குழந்தைகள் நல அலுவலக அம்மா வந்து பார்த்துவிட்டு, "இப்படி யாரும் செய்ய மாட்டாங்களே" என்று இரண்டு தடவை சொன்னார்.

கஷ்டம் அதன் பிறகுதான் அண்ணி. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் இனிமேல் பெற்றவள் கையால் என்று உங்கள் தங்கை சொல்லிவிட்டாள். பிள்ளை இவளைப் பார்த்துக் கையை நீட்டிக் கதறுகிறது. இவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்கிறாள். தொட்டி நிறைந்து வெளியே ஓடினாலும் வருவதில்லை. நேற்று நான் கதவைத் தட்டி, "போய்த் தூக்கிக்க, ஒரு தடவதானே" என்றேன். "இன்னைக்குத் தூக்கிட்டா நாளைக்கு முடியாது. நீங்க போய் அவளுக்குத் தைரியம் சொல்லுங்க. எனக்கு ஆண்டவர் சொல்லிக்கறார்" என்றாள்.

இஞ்சினைத் திறந்தால் எங்கே பழுது என்று சொல்வேன். இதில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் வீட்டில் என்னைவிடப் பெரிய ஆள் ஒருத்தி இருக்கிறாள் என்பது மட்டும் புரிகிறது.

தாங்கள் அவளிடம் கோபமாக இருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை


ஆகஸ்ட் 5

மாப்பிள்ளைக்கும் தங்கைக்கும்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். வண்டிகளில் கூட்டம், வேலை அதிகம். மழை பெய்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா


அக்டோபர் 18

என் அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கையின் வாழ்த்துகள். முழங்காலுக்குப் பெல்ட் வாங்கினாயா? நாங்கள் சுகம். இந்தத் தடவை சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே சுகம்.

மழை பெய்கிறது என்று எழுதியிருந்தாய். உன் கோபத்தைப் படித்தேன். இரண்டு மாதம் உனக்குப் பதில் எழுதித் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

ஆண்டவரே தந்தால் வேண்டாம் என்பதா என்று கேட்டாய். நானும் அதையேதான் கேட்டேன். "நீர்தானே தந்தீர்" என்று ஜெபத்தைத் தொடங்குவேன். அடுத்த வார்த்தை வராது. ஏனென்றால் அவர் தந்தது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். குணமாகும் வரை பார்த்துக்கொள் என்பதுதான். அந்தப் பெண் பிள்ளையைக் கொடுக்கவில்லை அக்கா, தன்னையே கைவிட்டுக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து நான் கையை நீட்டியிருந்தால், வாழ்நாள் முழுக்கப் பட்டாணி என்னை அம்மா என்று கூப்பிடும்போதெல்லாம் அந்த நீலச் சால்வை என் முன்னால் வந்து நின்றிருக்கும். வானத்திலிருந்து எந்தக் குரலும் கேட்கவில்லை. செய்ய வேண்டியது தெரிந்தது. செய்ய மனசில்லை. அவ்வளவுதான் விஷயம். மனசு பின்னால் வரும் என்று நம்பி, காலை எடுத்துவைத்தேன்.

வரத்தான் செய்தது, மெதுவாக. மழையில் நனைந்து வந்த ஒரு மத்தியானம். பட்டாணி நடக்கத் தொடங்கிய புதிது. நாற்காலியைப் பிடித்து நின்றவள், விட்டுவிட்டுக் குப்புற விழுந்தாள். உதட்டில் ரத்தம். நானும் பெற்றவளும் அங்கேயே நின்றோம். நான் பக்கத்தில், அவள் கதவருகே. பட்டாணி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் பின்னால் இருந்த மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். பிறகு பட்டாணி கதவுப் பக்கம் திரும்பினாள், அழுதுகொண்டே தவழ்ந்தாள். என்னைத் தாண்டி அக்கா, என் பாதத்தை உரசிக்கொண்டு தாண்டி, தன் அம்மாவின் புடவையைப் பிடித்தாள். அந்தப் பெண் அள்ளி எடுத்தாள். ரத்தத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே, "ஒண்ணுமில்லடா, அம்மா இருக்கேன்டா" என்றாள். அந்தக் கிழவிக் குரல் கணீரென்று இருந்தது.

வலித்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பெருமையாக இருந்தது அக்கா. அவளைப் பற்றி, பட்டாணியைப் பற்றி. என்னைப் பற்றியும் ஒரு துளி. ஆண்டவர் கோபித்துக்கொள்ளமாட்டார் என்று நினைக்கிறேன்.

அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. கடலோரத்தில் ஒரு பள்ளி விடுதி, சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. தங்க அறையும் தருகிறார்கள். கடற்காற்று நல்லது என்றார் டாக்டர். பேச்சு வாக்கில் சம்பளத்தைவிட "எம்பொண்ணும் எங்கூடவே இருக்கலாமாம்" என்பதைத்தான் பத்து தடவை சொன்னாள். அடுத்த மாதம் முதல் திங்கள், காலை வண்டி. உன் வண்டிதான். முடிந்தால் ஒரு பார்வை பார்த்துக்கொள். இல்லை, உனக்குக் கஷ்டம் என்றால் வேண்டாம்.

என் அன்பெல்லாம் உனக்கு,
சின்னவள்


நவம்பர் 7

என் சின்னவளுக்கு,

முதலில் நலம். நீயும் மாப்பிள்ளையும் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா? வீடு சத்தமில்லாமல் இருக்கும். ரேடியோவைப் போட்டு வைத்துக்கொள்.

திங்கட்கிழமை எனக்கு அந்த வண்டியில் வேலை இல்லை. கெஞ்சி மாற்றிக்கொண்டேன். அந்தப் பெண்ணிடம் என்ன சொல்ல வேண்டும் என்று முதல் பெட்டியிலிருந்தே மனசுக்குள் தயார் செய்துகொண்டு வந்தேன். என் தங்கை உனக்காக என்னென்ன பட்டாள் தெரியுமா என்று ஆரம்பிப்பதாக இருந்தேன். ஆமாம், அந்தக் கோபம் அன்று காலை வரை இருந்தது.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் பட்டாணி. நான் "டிக்கெட்" என்றேன். அவள் எடுத்து நீட்டினாள். நான் வாங்குவதற்குள் பட்டாணி பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டாள். சட்டப்படி இரண்டு பேரையும் இறக்கிவிட்டிருக்க வேண்டும். நீ எழுதிய பல்லை அப்போதுதான் பார்த்தேன், இப்போது ஒரு வரிசையே இருக்கிறது. டிக்கெட்டில் அதன் தடம் பதிந்திருந்தது.

நான் யாரென்று சொல்லவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று வேறு டிக்கெட்டுகளைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தேன். எதிரே ஒரு அம்மா, நன்றாக உடுத்தியவர், அவளிடம் பேச்சுக் கொடுத்திருந்தார். உன் கதையைத்தான் இவள் சொல்லிக்கொண்டிருந்தாள். தோட்டத்து பெஞ்சு, மாடி அறை, குழாய்ச் சத்தம் எல்லாம். குளியலறையில் நீ அழுதது அவளுக்குத் தெரியும் சின்னவளே. "குழாய் நின்னதும் கண்ணு செவந்து வெளிய வருவாங்க. வந்து, 'இன்னைக்கு நேத்தைவிடக் கொஞ்சம்தான் அழுதா, பாத்தியா?'ன்னு எனக்குத் தைரியம் சொல்வாங்க" என்றாள்.

அந்த அம்மா கேட்டுவிட்டு, "சொந்தப் பிள்ளை இல்லாதவங்க, நீங்களே வெச்சுக்கங்கன்னு சொன்னப்புறமும் திருப்பிக் குடுத்தாங்களா? புத்தி சரியில்லாதவங்களா இருப்பாங்க போல" என்றார்.

என் வாய் எனக்கு முந்திவிட்டது. "ஆமாம்மா, சின்ன வயசுலேர்ந்தே அவ அப்படித்தான். எனக்கு நல்லாத் தெரியும். என் தங்கச்சி அவ!" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். இத்தனை வருஷ வேலையில் சீருடை போட்டுக்கொண்டு அவ்வளவு நிமிர்ந்து நான் நின்றதில்லை.

அந்தப் பெண் எழுந்துவிட்டாள். "பெரியம்மாவா? நீங்க பெரியம்மாவா?" என்று கேட்டுவிட்டு, ஒரு நொடிகூட யோசிக்காமல் பட்டாணியைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டாள். கனம்! என்ன ஊட்டி வளர்த்தாய்? இரண்டு ஸ்டேஷன் வரை தூக்கிக்கொண்டே நின்றேன். முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை. இறங்கும்போது பட்டாணி தன் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு எனக்குக் கையசைத்தாள். கடல் வாசனை வந்தது. அந்தப் பெண் நல்ல வேகமாக நடந்தாள். இருமவே இல்லை.

நான் எதற்காக உபவாசம் இருந்தேன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். பட்டாணி உன்னிடமே இருந்துவிட வேண்டும் என்றுதான், வேறெதற்கு? வாரக்கணக்கில் ஆண்டவரை நச்சரித்தேன். அவர் என் பேச்சைக் கேட்கவில்லை. நீ அவர் பேச்சைக் கேட்டாய்.

நல்லவேளை.

தலை நிமிர்ந்து,
உன் அக்கா